பத்து மணிக்கு மேல்

சத்தத்தை வெறுக்காத மனிதர் இல்லை. ஆனால் தாம் போடுவதும் சத்தம்தான் என்று ஒப்புக்கொள்ளுகிற மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. நம் வீட்டில் பாட்டு வைத்தால் அது சங்கீதம். அடுத்த வீட்டில் வைத்தால் உபத்திரவம். நம் குழந்தை வீறிட்டு அழுதால், பாவம், அதற்குப் பசி. எதிர் வீட்டுக் குழந்தை அழுதால் பெற்றவர்களுக்கு வளர்க்கத் தெரியவில்லை. நம் வீட்டு நாய் குரைத்தால் காவல். தெருக்கோடி வீட்டு நாய் குரைத்தால், இந்த முனிசிபாலிடி என்னதான் செய்துகொண்டிருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்த வழக்குக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. ராஜாக்களின் யுத்தங்களைச் சொல்லும் புத்தகங்களில் அது அகப்படாது. நகரசபை விதிகளிலும், போலீஸ் உத்தரவுகளிலும், கோர்ட்டுத் தீர்ப்புகளிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இன்று அமெரிக்காவில் ஏதாவது ஒரு கவுண்டியில் குடியேறுகிறவர் தெரிந்துகொள்ளவேண்டிய விதிகளில், குப்பை எடுக்கும் நாளுக்குப் பக்கத்தில், 'அமைதி நேரம்' என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். பல இடங்களில் அது இரவு பத்து மணி முதல் காலை ஏழு மணி வரை. கவுண்டி என்பது ஏறக்குறைய நம்முடைய ஜில்லா. ஆனால் இம்மாதிரி விஷயங்களில் தன் எல்லைக்குள் தானே விதி செய்துகொள்ளும் ஜில்லா.

அந்த ஒரு வரி எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்று பார்க்கப் புகுந்தேன். கதை எழுதுகிறவனுக்கு நிசப்தம்தான் கைமுதல். ஆகவே நான் எந்தக் கட்சி என்பது வாசகர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கட்டும். ஆனால் படிக்கப் படிக்க, என் கட்சிக்காரர்கள் சிலரிடமே எனக்குச் சந்தேகம் தட்ட ஆரம்பித்தது. "சத்தம் போடாதே!" என்று சொன்னவர்கள் யார், யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதில்தான் இந்தச் சரித்திரத்தின் உயிர்நாடி இருக்கிறது.

*

தென் இத்தாலியில் கிரேக்கர்கள் குடியேறி வாழ்ந்த ஸிபாரிஸ் என்ற நகரம் சுகவாசத்துக்குப் பெயர் போனது. கொல்லர், தச்சர் முதலிய ஓசை எழுப்பும் தொழிலாளிகளை அவர்கள் ஊருக்குள் வேலை செய்ய விடவில்லையாம்; சேவல் வளர்ப்பதற்குக்கூடத் தடையாம். பழைய கிரேக்க நூல் ஒன்றில் இந்தச் செய்தி இருக்கிறது. எவ்வளவு தூரம் நிஜமோ, அதில் ஒரு பெரிய உண்மை மறைந்திருக்கிறது. கட்டிலைச் செய்து கொடுத்தவன் ஊருக்கு வெளியே. அந்தக் கட்டிலில் படுத்துத் தூங்குகிறவன் ஊருக்குள்ளே!

ரோமாபுரியில் கி.மு. 45-ஐ ஒட்டி, ஜூலியஸ் சீஸர் பெயரால் வழங்கும் சட்டம் ஒன்று பிறந்தது. சூரியோதயத்திலிருந்து பிற்பகல் கழியும் வரை வண்டிகள் நகரத்துத் தெருக்களில் ஓடக்கூடாது என்றது அந்தச் சட்டம். கோயில் கட்டுமான வேலை போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. பகலில் தெருவில் நடமாட இடம் கிடைத்தது. ஆனால் பத்து லட்சம் பேர் சாப்பிடுகிற நகரத்துக்குத் தானியமும் எண்ணெயும் கல்லும் மரமும் வராமல் முடியுமா? வண்டிகள் இரவில் வந்தன. கல் பாவிய குறுகலான சந்துகளில் சக்கரங்கள் கடகடக்க, வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் ஏச, ஊர் விடிய விடிய விழித்துக்கொண்டிருந்தது. ரோமாபுரியில் தூங்குவதற்கே பெருஞ் செல்வம் வேண்டியிருக்கிறது என்று ஜூவனல் என்ற கவி மனம் கசந்து எழுதினார். பணக்காரன் வீட்டில் படுக்கையறை உள் முற்றத்தைப் பார்த்து இருந்தது. ஏழை குடியிருந்த அடுக்கு மாடிக் கட்டடத்தின் ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது. சட்டம் சத்தத்தைக் குறைக்கவில்லை. பகலிலிருந்து எடுத்து இரவில் வைத்தது. அதாவது, பணக்காரன் முற்றத்திலிருந்து எடுத்து ஏழையின் தலைமாட்டில் வைத்தது.

அமைதி நேரத்துக்குக் கடிகாரம் வந்த கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். லண்டன் நகரத்துப் பழைய தெரு விதிகளில் ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு மேல் அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சலாகக் கூச்சல் எழும்படி எந்த ஆண்மகனும் நடந்துகொள்ளக் கூடாது என்கிறது. எப்படிப்பட்ட கூச்சல் என்பதற்கு உதாரணங்களும் கொடுத்திருக்கிறார்கள்: சண்டை போடுவது, பாடுவது, குடித்துக் கும்மாளம் போடுவது, மனைவியையோ வேலைக்காரனையோ அடிப்பது. படித்ததும் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்பது மணிக்கு மேல் அடித்தால்தான் அந்த விதியின் கண்ணில் குற்றம். அடிபட்டவள் அழுத அழுகை, பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுத்த அளவில்தான் அதன் காதில் விழுந்தது. சத்தத்தைப் பற்றிய விதிகளில் இந்த ஆபத்து எப்போதுமே உண்டு. ஒரு கூக்குரல் எழுந்தால், ஏன் எழுந்தது என்று கேட்காமல், எத்தனை மணிக்கு எழுந்தது என்று மட்டும் கேட்கத் தோன்றிவிடும்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனுக்கு வருவோம். சார்லஸ் பாபேஜ் (1791–1871) என்ற கணித மேதையை இன்று கம்ப்யூட்டரின் பாட்டனார் என்று கொண்டாடுகிறோம். பல்சக்கரங்களாலேயே கணக்குப் போடும் யந்திரத்தைக் கற்பனை செய்த அந்த மகா மூளைக்கு ஒரே ஒரு சத்துரு. அது தெருவில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வாசிக்கும் ஆர்கன் பெட்டி. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வீதி வீதியாகப் போவார்கள். சிலர் காசு கொடுத்துக் கேட்பார்கள். சிலர் போய்த் தொலையட்டும் என்று காசு கொடுப்பார்கள். இரண்டுமே வருமானந்தான்.

பாபேஜ் கணக்கு நிபுணர் அல்லவா? உபத்திரவத்தையும் கணக்கெடுத்தார். சுமார் மூன்று மாதத்தில் 165 தடவை தம் வேலை தடைப்பட்டதாகக் குறித்துவைத்தார். தம்முடைய உழைப்புச் சக்தியில் நாலில் ஒரு பங்கு இந்தத் தெருச் சங்கீதத்தால் பாழாயிற்று என்று 1864-ல் வெளியிட்ட சுயசரிதையில் எழுதினார். அதில் தெருத் தொல்லைகளுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. ஆர்கன்காரனை ஆதரிக்கிறவர்கள் யார் யார் என்று ஒரு ஜாபிதாவும் கொடுத்திருக்கிறார்: சாராயக்கடைக்காரர்கள், வேலைக்காரர்கள், குழந்தைகள், பட்டிக்காட்டிலிருந்து வந்தவர்கள்... அந்த ஜாபிதாவைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கச்சேரிக்கு டிக்கெட் வாங்க முடியாத அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். சந்தில் வளர்கிற ஒரு குழந்தைக்கு அந்தப் பெட்டிதான் சங்கீத சபை.

ஜனங்கள் பாபேஜைச் சும்மா விடவில்லை. தெருவில் போனால் கூட்டம் பின்னாலேயே ஓடிக் கேலி செய்தது. ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. செத்த பூனைகளை வீட்டில் எறிந்தார்கள். அக்கம்பக்கத்தில் ஒருவர், தம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அவருடைய தோட்டத்தைப் பார்த்துத் தினம் அரைமணி நேரம் தகர ஊதல் ஊதினார். ஏதோ வேண்டுதல் மாதிரி மாதக்கணக்கில் ஊதினார்.

எழுத்தாளர் குலமும் பாபேஜ் பக்கம் சேர்ந்துகொண்டது. தாமஸ் கார்லைல் 1853-ல் தம் வீட்டு மொட்டைமாடியில் சத்தம் புகாத அறை ஒன்றைக் கட்டிப் பார்த்தார். செலவுக்கு ஏற்ற பலன் இல்லை. 1864-ல் மைக்கேல் பாஸ் என்ற பார்லிமெண்ட் அங்கத்தினர் தெரு வாத்தியங்களைக் கட்டுப்படுத்த மசோதா கொண்டுவந்தபோது, டிக்கன்ஸ், டென்னிஸன், கார்லைல் முதலியோர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று அவருக்கு ஆதரவாகப் போயிற்று. மசோதா சட்டமாயிற்று. வீட்டில் நோயாளி இருந்தாலும் சரி, வீட்டுக்காரரின் வழக்கமான தொழிலுக்கு இடைஞ்சலாக இருந்தாலும் சரி, வாத்தியக்காரனை அப்பால் போகச் சொல்லலாம், போகாவிட்டால் அபராதம். இந்தப் பாஸ் யார் தெரியுமா? பெரிய பீர் ஆலையின் முதலாளி. அவர் விற்ற பீர் எத்தனை கூச்சலுக்குக் காரணமாயிற்றோ, அதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.

டிக்கன்ஸ் ஏழைகளின் கண்ணீரை எழுதி உலகத்தை உருக வைத்தவர். அவரே ஏழையின் வாத்தியத்துக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதி எழுதிய அத்தியாயம் மேஜைமேல் கிடக்க, வெளியே ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அதே லண்டனில் அன்று ரயில் பாதைகள் குடியிருப்புகளின் தலைமேல் பாலம் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பாலத்தடியில் குடியிருந்தவர்களுக்காக எந்த மேதையும் கடிதம் எழுதவில்லை.

*

நியூயார்க்கில் இந்தச் சரித்திரம் ஒரு பெண்மணியின் கைக்கு வந்து கொஞ்சம் திசை மாறுகிறது.

ஜூலியா பார்னெட் ரைஸ் வைத்தியப் பட்டம் பெற்றவர். ஆறு குழந்தைகளின் தாயார். கணவர் ஐஸக் ரைஸ் நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் கம்பெனியை நிறுவியவர். தண்ணீருக்கு அடியில் ஓசைப்படாமல் போகிற கப்பலைச் செய்த அந்தக் குடும்பத்துக்கு, தண்ணீருக்கு மேலே போகிற படகுகளால் தொல்லை வந்தது. ஹட்ஸன் நதிக் கரையில் ரிவர்சைட் டிரைவில் அவர்கள் மாளிகை. ராத்திரி முழுவதும் இழுவைப் படகுகள் நீராவி ஊதலை அலற விட்டுக்கொண்டே போகும். பெரும்பாலானவை அபாய அறிவிப்பல்ல; படகோட்டிகள் ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொண்ட குசலம்!

ஸ்ரீமதி ரைஸ் கொலம்பியா சர்வகலாசாலையில் சட்டம் படிக்கும் மாணவர்களை அமர்த்தி ஊதல்களை எண்ணச் சொன்னார். ஒரே இரவில் ஏறக்குறைய 3,000 என்று தெரிந்தது. அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு காரியாலயமாக ஏறி இறங்கினார். எங்கே போனாலும், "இது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல" என்ற பதில்தான். கரை நகரத்துக்குச் சொந்தம். தண்ணீரோ மத்திய சர்க்காரைச் சேர்ந்தது. இடையில் கிடந்து தூக்கம் அல்லாடியது.

மாளிகைக்காரியின் தூக்கத்துக்காக யார் சட்டம் செய்வார்கள்? அந்த அம்மாளுக்கு அது தெரிந்திருந்தது. நதிக் கரையோரமாக இருந்த ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். அங்கே ஏழை நோயாளிகள் தூக்கமின்றித் தவிப்பதை டாக்டர்களிடமிருந்து எழுதி வாங்கினார். வில்லியம் பென்னெட் என்ற காங்கிரஸ் அங்கத்தினர் மசோதா கொண்டுவந்தார். 1907-ல், துறைமுகங்களில் அவசியமில்லாமல் ஊதல் ஊதுவதைத் தடுக்கச் சட்டம் நிறைவேறியது. இதற்குள் 1906-ன் முடிவில் 'அவசியமற்ற சத்தத்தை அடக்கும் சங்கம்' என்ற ஒன்றையும் அவர் ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரிகளைச் சுற்றியுள்ள தெருக்கள் அமைதி வட்டாரங்களாயின, பலகைகள் நட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் கூச்சலிட்டு விளையாட மாட்டோம் என்று குழந்தைகளிடம் வாக்குறுதி வாங்கினார்கள். அந்தக் குழந்தைகள் பிரிவுக்குக் கௌரவத் தலைவராக இருந்தவர் மார்க் ட்வைன்.

சட்டம் வந்த அதே 1907-ல் ரைஸ் குடும்பம் மாளிகையை விற்றுவிட்டு ஹோட்டல் ஒன்றில் குடியேறிவிட்டது. ஊதல் ஓய்ந்த நதிக் கரையில் நிம்மதியாகத் தூங்கும் பாக்கியம், வீட்டை வாங்கிய சிகரெட் வியாபாரிக்குக் கிடைத்தது! ஆனால் அந்த அம்மாள் சங்கத்தை விட்டுவிடவில்லை. தம் ஜன்னலோடு தொடங்கிய விஷயம், ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் போன பிறகு தம்முடையது மட்டும் அல்ல என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். இந்தச் சரித்திரத்தில் என் மனசுக்குப் பிடித்த இடம் இதுதான்.

இருந்தாலும், அந்தச் சங்கத்தின் பெயரில் 'அவசியமற்ற' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கவேண்டும். ஆலைச் சங்கு அவசியம். தலைக்கு மேலே பாலத்தில் ஓடிய ரயில் அவசியம். இரும்பில் ஆணி அடித்து எழுப்புகிற வானளாவிய கட்டடம் அவசியம். அப்படியானால் அவசியமற்றது எது? காய்கறி வண்டிக்காரனின் குரல், பழைய துணி வாங்குகிறவனின் மணி, தெருப் பாடகன், தெருவைத் தவிர விளையாட இடம் இல்லாத குழந்தை. 1896-ல் நியூயார்க் டாக்டர் ஒருவர் நகரத்து இரைச்சல்களைப் பட்டியல் போட்டபோது, குதிரை வண்டி, கூவி விற்பவர்கள், வாத்தியக்காரர்கள், மணிகள், பிராணிகள் என்றுதான் அது இருந்தது. லாபத்துக்கு நடக்கிற பெரிய சத்தம் முன்னேற்றமாகிவிடுகிறது. வயிற்றுக்கு நடக்கிற சின்னச் சத்தம் இடைஞ்சலாகிவிடுகிறது.

*

இந்தக் கண்கட்டை அவிழ்த்தது ஒரு கருவி.

1920-களில் டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக்காரர்கள் சத்தத்தை அளப்பதற்கு 'டெசிபல்' என்ற அளவைக் கொண்டுவந்தார்கள். டெலிபோனுக்குப் பேர்போன கிரஹாம் பெல்லின் பெயர் அதில் இருக்கிறது. இந்த அளவில் பத்து கூடினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு ஆகிவிட்டது என்று அர்த்தம். காதுக்குச் சுமார் இரண்டு மடங்காகத் தோன்றும். 1929-ல் நியூயார்க்கின் சுகாதாரக் கமிஷனர் ஷர்லி வின், சத்தத்தைக் குறைக்க வழி காண ஒரு கமிஷன் அமைத்தார். கருவிகளை ஏற்றிக்கொண்டு ஒரு மோட்டார் வண்டி நகரத்தில் 500 மைல் சுற்றியது. 138 இடங்களில் 10,000 அளவுகளுக்குக் குறையாமல் எடுத்தது. பத்திரிகைகள் வாயிலாகப் பொதுஜனங்களிடம் கேட்டதில் 11,000-க்கு மேல் பதில்கள் வந்தன.

வந்த முடிவு என்ன? முதலிடம் மோட்டார் போக்குவரத்துக்கு. அடுத்தது ரயில், டிராம். அதற்கடுத்தது ரேடியோ. முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டர் போட்ட பட்டியலில் கொடிகட்டிப் பறந்த கூவி விற்பவர்களும் வாத்தியக்காரர்களும் எங்கேயோ பின்னால் போய்விட்டார்கள். சில தெருக்களில் ஒரு வங்கப் புலி நின்று உறுமினாலும் யார் காதிலும் விழாது என்று கமிஷன் 1930-ல் வெளியிட்ட அறிக்கை வேடிக்கையாகச் சொன்னது. கருவிக்கு முதலாளி, தொழிலாளி தெரியாது. இத்தாலியப் பாஷை தெரியாது. அதன் முள் எங்கே ஏறுகிறதோ, அங்கே ஏறும்.

ஆனால் கமிஷனுக்குச் சட்டம் செய்யும் அதிகாரம் இல்லை. இரவு பத்தரை மணிக்கு ரேடியோவின் குரலைத் தாழ்த்தி வைக்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்ளச் செய்தது; இன்னும் சில சில்லறைக் காரியங்கள் செய்தது. பிறகு பொருளாதார மந்தம் நாட்டை அமுக்கிவிட்டது. பிழைப்புப் போன ஊரில் இரைச்சலைப் பற்றி யார் பேசுவார்கள்?

1935 அக்டோபரில் மேயர் லாகார்டியா 'சத்தமில்லாத இரவுகள்' என்று ஓர் இயக்கம் தொடங்கினார். இரவு பதினொரு மணி முதல் காலை ஏழு மணி வரை மோட்டார் ஹாரன் அடிக்காதீர்கள், ரேடியோவை அலற விடாதீர்கள் என்று நகரத்தைக் கேட்டுக்கொண்டார். 1936-ல் அது சட்டமாகவும் வந்தது. கவுண்டி விதிகளில் இன்று காண்கிற அமைதி நேரத்தின் ஜாடை அதில் தெளிவாகத் தெரிகிறது.

அதே மேயர்தான் 1936 ஜனவரி முதல் தேதியிலிருந்து தெரு ஆர்கன்காரர்களுக்கு லைசென்ஸ் இல்லை என்று நிறுத்தியவர். லாகார்டியா இத்தாலியிலிருந்து வந்தவரின் மகன்! போக்குவரத்து நெருக்கடி என்றார். ரேடியோவும் இலவசக் கச்சேரிகளும் வந்துவிட்ட காலத்தில் ஆர்கன் எதற்கு என்றார். குரங்கை வைத்துக்கொண்டு ஆர்கன் வாசிக்கிறவன்தான் இத்தாலியன் என்று சிறுவயதில் தம்மைக் கேலி செய்தது அவர் நெஞ்சில் ஆறாமல் இருந்தது என்றும் சொல்லுவதுண்டு. பாபேஜால் லண்டனில் முடியாததை, ஆர்கன்காரர்களின் சொந்த ஜாதிக்காரர் நியூயார்க்கில் ஒரு பேனாக் கோட்டில் செய்து முடித்தார்.

*

அடுத்த கேள்வி இன்னும் சிக்கலானது. ஒருவன் சத்தம் போடுவது பாட்டுக்காக அல்ல, தன் கருத்தைச் சொல்வதற்காக என்றால்?

நியூயார்க் மாநிலத்தில் லாக்போர்ட் என்ற ஊரில், மதப் பிரசாரம் செய்த ஒருவர் பூங்காவில் ஒலிபெருக்கி வைத்துப் பேசினார். போலீஸ் தலைவரின் அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்பது அந்த ஊர் விதி. வழக்கு அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு சத்தம் என்று ஒன்றும் வரையறுக்காமல், போலீஸ் தலைவரின் இஷ்டத்துக்கு விட்டுவிட்ட விதி செல்லாது என்று 1948-ல் தீர்ப்பாயிற்று. மறு வருஷமே நியூஜெர்ஸியில் டிரென்டன் நகரத்து வழக்கு வந்தது. அங்கே, தெருவில் ஒலிபெருக்கி வண்டி காதைப் பிளக்கும்படி அலறக் கூடாது என்ற விதி செல்லும் என்றார்கள். வீட்டுக்குள் இருக்கிறவனுக்கு, கேட்கமாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டு அல்லவா?

இந்த இரண்டாவது தீர்ப்பில் மாறுபட்டவர்களில் ஒருவர் நீதிபதி ஹியூகோ பிளாக். பத்திரிகை நடத்தவோ ரேடியோ நிலையம் வைக்கவோ பணம் இல்லாதவனுக்கு ஒலிபெருக்கிதான் துணை. அதை அடியோடு அடைத்துவிட்டால் பணம் உள்ளவன் குரல் மட்டும் மிஞ்சும் என்பது அவர் வாதத்தின் சாரம். நேரத்தையும் சத்தத்தின் அளவையும் கட்டுப்படுத்துவதை அவர் ஆட்சேபிக்கவில்லை. நீதிபதிகள் பிரிந்து நின்ற அந்த இரண்டு வழக்குகளிலும் எனக்குக் கிடைத்த பாடம் ஒன்றுதான். "இன்ன நேரத்துக்கு மேல், இன்ன அளவுக்கு மேல் கூடாது" என்று சொல்லுகிற விதியின் முன்னால் எல்லோரும் சமம். "நான் அனுமதித்தால் சரி" என்று சொல்லுகிற விதியின் முன்னால், அனுமதி கேட்கப் போகிறவன் முகத்தைப் பார்த்துத்தான் நியாயம்.

*

1972-ல் வாஷிங்டன் சர்க்கார் தேசம் முழுவதற்கும் சத்தக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைச் செய்து, அதை நடத்த ஒரு காரியாலயமும் வைத்தது. பத்து வருஷம் கூட நீடிக்கவில்லை. 1981-ல் ரீகன் நிர்வாகம் அந்தக் காரியாலயத்துக்குப் பணத்தை நிறுத்த முடிவு செய்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. நடத்துவதற்கு ஆள் இல்லை. சத்தம் உள்ளூர் விவகாரம் என்று சொல்லி, மாநிலங்கள் தலையிலும் நகரங்கள், கவுண்டிகள் தலையிலும் கட்டினார்கள்.

ஆகவே இன்று ஆற்றுக்கு இக்கரையில் ஒரு நியாயம், அக்கரையில் ஒரு நியாயம். மேரிலாந்தில் மாண்ட்காமரி கவுண்டியை எடுத்துக்கொண்டால், குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 65 டெசிபல், இரவுக்கு 55 என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். வாரநாட்களில் இரவு ஒன்பதுக்குத் தொடங்குகிற அமைதி காலை ஏழுக்கு முடியும். சனி, ஞாயிறுகளில் ஒன்பது வரை தூங்கலாம். வேறு சில இடங்களில் கருவியே கிடையாது; இத்தனை அடி தூரத்தில் நின்றால் தெளிவாகக் காதில் விழுகிறதா என்று போலீஸ்காரர் கேட்டுப் பார்ப்பார்.

கவுண்டி என்றால் பாதி பட்டணம், பாதி கிராமம். அமைதியைத் தேடிப் பட்டணத்திலிருந்து வந்து வீடு கட்டுகிறவருக்கு, விடியற்காலையில் பக்கத்துப் பண்ணைச் சேவலும் டிராக்டரும் எமனாகத் தோன்றும். இந்த மாதிரி வழக்குகளிலிருந்து குடியானவனைக் காப்பாற்றுவதற்கென்றே 50 மாநிலங்களிலும் சட்டம் இருக்கிறது. முன்பே நடந்துகொண்டிருக்கிற விவசாயத்தை, பின்னால் வந்தவர் தொல்லை என்று சொல்லி எளிதில் நிறுத்திவிட முடியாது. ஸிபாரிஸ் நகரத்துச் சேவலுக்கு, இத்தனை காலத்துக்குப் பிறகு ஒருவாறு நியாயம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

பட்டணத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. வாஷிங்டன் நகரத்தில் கறுப்பு மக்கள் நெடுங்காலம் வாழ்ந்த ஷா என்ற பகுதியில் ஒரு கடை வாசலில், 1995 முதல் அந்த ஊருக்கே உரிய 'கோ-கோ' சங்கீதம் ஒலித்துக்கொண்டிருந்தது. சுற்றுப்புறத்தில் விலை உயர்ந்த அடுக்கு மாடி வீடுகள் எழும்பின. 2019-ல் புதிதாக வந்த குடியிருப்பிலிருந்து புகார் வர, பாட்டு நின்றது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் தெருவில் கூடிவிட்டார்கள். சில நாட்களில் பாட்டு திரும்பி வந்தது. அடுத்த வருஷம் அதையே நகரத்தின் அதிகாரபூர்வமான சங்கீதம் என்று சட்டம் செய்தார்கள். அந்த ஜனங்களுக்குப் பாட்டு நின்றது பெரிதல்ல. 'இனிமேல் இந்தத் தெரு உங்களுடையதல்ல' என்று யாரோ சொன்னதாகத்தான் அவர்கள் காதில் விழுந்தது.

இதனால் விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி இல்லாவிட்டால் யாருக்குக் கஷ்டம் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடம் சாட்சி. அதன் ஒரு பக்கத்து வகுப்பறைகளுக்கு வெளியே, பாலத்தின் மேல் நாலரை நிமிஷத்துக்கு ஒரு ரயில் போகும். போகும்போது வகுப்பில் 89 டெசிபல். வாத்தியார் வாயை மூடிக்கொண்டு நிற்பார். ஆர்லின் பிரான்ஸாஃப்ட் என்ற மனோதத்துவ ஆசிரியை 1975-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ரயில் பக்கத்து வகுப்புகளில் படித்த ஆறாம் வகுப்புக் குழந்தைகள், மறுபக்கத்துக் குழந்தைகளைவிட வாசிப்பில் ஏறக்குறைய ஒரு வருஷம் பின்தங்கியிருந்தது தெரிந்தது. அதன் பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள். வகுப்பறைக் கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகைகள் பொருத்தினார்கள். 1981-ல் மறுபடி பார்த்தபோது இரு பக்கத்துக் குழந்தைகளும் சமமாகப் படித்தார்கள். ரயில் நிற்கவில்லை, யாருக்கும் அபராதம் இல்லை, யாரையும் தெருவை விட்டு விரட்டவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு, தங்களுக்கு என்ன நஷ்டம் என்று சொல்லக்கூடத் தெரிந்திராது. ரயில் போகும்போது வாத்தியார் பேசமாட்டார், அவ்வளவுதான் தெரியும்.

சத்தத்தைப் பற்றிய ஒரு விதி நல்லதா கெட்டதா என்று பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை. புகார் எழுதத் தெரிந்தவர்களின் தூக்கத்தைக் காப்பாற்றப் போலீஸ்காரர் ஓடி வருவார். புகார் எழுதத் தெரியாத நோயாளிக்கும் குழந்தைக்கும் அந்த விதி என்ன செய்கிறது?

கவுண்டி விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது இன்னொருவருடைய நினைவும் வந்தது. இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டு, காலை எட்டு மணிக்கு வீடு திரும்புகிற நர்ஸ். அமைதி நேரம் முடிந்து, பக்கத்து வீட்டில் புல் வெட்டும் யந்திரம் கிளம்புகிற சமயத்தில்தான் அவள் ஜன்னலை மூடிக்கொண்டு படுக்கிறாள். அந்த யந்திரம் சட்டப்படி சரியான நேரத்தில்தான் ஓடுகிறது. அவளுக்கான நேரம் எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அவளைத் தெரிந்திருந்தால், சாயங்காலம் வெட்டிக்கொள்ளலாம் என்று யந்திரத்தை நிறுத்திவைப்பார். தெரியாவிட்டால், அவளுக்கு ரோமாபுரிதான்.